இரண்டு சம்மந்திகள், இரண்டு கார்கள்

யுவஸ்ரீக்குக் கார் வேண்டும் என்ற பேச்சு ஐப்பசி மழையில்தான் கிளம்பியது. அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று திருத்தணியைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பவள். காலையில் மணவூர், மத்தியானம் அரக்கோணம், சாயங்காலம் ஆர்.கே.பேட்டை என்று எல்லாம் ஸ்கூட்டரில்தான். வலிக்கு வைக்கும் மெஷினைப் பாலிதீன் பையில் சுற்றிக் கால் வைக்கும் இடத்தில் இருத்திக்கொள்வாள். அந்த மழையில் பையையும் மீறித் தண்ணீர் போய் மெஷின் நின்றுவிட்டது. ஒரு வாரம் வேலை கெட்டது.

விஷயம் தெரிந்ததும் மாமனார் எல்லப்பன் அரக்கோணத்திலிருந்து போன் செய்தார்.

“ஸ்விஃப்ட்டு இங்க சும்மாத்தான் நிக்குது. ரிட்டயர் ஆனப்புறம் நான் எங்க போறேன்? நீ எடுத்துக்கோம்மா.”

இரண்டு நாளில் இது ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் அவள் அப்பா தேசப்பனின் காதுக்குப் போயிற்று. மகளுக்கு மாமனார் கார் கொடுக்க, பெற்றவன் வேடிக்கை பார்ப்பதா என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே அழைத்தார்.

“யுவா, என் வேகன்ஆர் இன்னாத்துக்கு இருக்குது? உனக்கு இல்லாத வண்டியா? நீ ஒண்ணும் யோசிக்காத.”

யோசிக்காமல் எப்படி இருப்பது? ஒன்றை வேண்டாம் என்றால் ஒரு வீட்டில் முகம் சுருங்கும். கணவன் இளம்பரிதியைக் கேட்டாள். அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். பேச்சில் சிக்காமல் நழுவுவதில் கெட்டிக்காரன்.

“ஓட்டப் போறவ நீ. ரெண்டையும் ஓட்டிப் பாரு. எது புடிக்குதோ அத சொல்லு. நான் நடுவுல வந்தா ரெண்டு பக்கமும் எனக்குத்தான் பேச்சு விழும்.”

அப்படித்தான் ஒரு புதன்கிழமை காலையில், மலைக்கோயிலில் கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, திருத்தணியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் இரண்டு கார்களும் வந்து நின்றன. இரண்டுமே பதினைந்து வயது தாண்டி, ஆர்.சி. புதுப்பித்தவை. எல்லப்பனுடையது வெள்ளை ஸ்விஃப்ட், டீசல். ரயில்வேக்காரர் என்பதால் அதை அவர் வைத்திருந்த விதமே தனி. பதினைந்து வருஷத்துக்கு முன் வந்த கார் விரிப்பு இன்னும் கிழியவில்லை. தேசப்பனுடையது சாம்பல் நிற வேகன்ஆர், பெட்ரோல். பின்சீட்டு மடிப்புகளில் வேர்க்கடலைத் தோல் கிடந்தது. உர மூட்டை ஏற்றி ஏற்றிப் பின்கதவின் உட்புறம் முழுக்கக் கீறல். இளம்பரிதி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான்.

“மொதல்ல எது?” என்றார் தேசப்பன்.

“மாமா வண்டி மொதல்ல வந்துச்சு. அதுவே போலாம் நைனா,” என்றாள் யுவஸ்ரீ. அப்படிச் சொன்னால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

எல்லப்பன் முன்சீட்டில் உட்கார்ந்தார். தேசப்பன் பின்னால் ஏறிக்கொண்டார். யுவஸ்ரீ லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெரிந்தவர்கள் காரை எப்போதாவது ஓட்டிப் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தாள். ஸ்விஃப்டின் கிளட்ச் இடது தொடையை வேலை வாங்கியது. சீட்டு தாழ்வாக இருந்ததால் பானெட்டின் முனை எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை. ஆனால் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடங்கிவிட்டது. அது அவளுக்குப் பிடித்தது.

மலைப்பாதையின் முதல் திருப்பத்தில் மூன்றாம் கியரிலேயே ஏற்றப் பார்த்தாள். வண்டி இழுக்க முடியாமல் நடுங்கியது. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது.

“ரெண்டாவதுக்கு வாம்மா,” என்றார் எல்லப்பன் பதறாமல். “டீசலு. எஞ்சினு கொஞ்சம் சுத்து ஏறுற வரைக்கும் சோம்பலா இருக்கும். ஏறிடுச்சின்னா பாரு.”

இரண்டாவதுக்கு வந்து மிதித்தாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல வண்டி சீறிக்கொண்டு மேலே போயிற்று. அடுத்த திருப்பத்தில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாளோ அவ்வளவு மட்டும் திரும்பியது. உடம்பு ஒரு பக்கமும் சாயவில்லை. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தும் மூன்று பேரோடு மலை ஏறுகிற சிரமமே அதற்குத் தெரியவில்லை. இறங்கும்போது மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் ஓரத்தில் நடந்து வர, பிரேக்கை மெல்லத் தொட்டாள். தொட்ட அளவுக்குக் குறைந்தது.

கீழே வந்து பைபாசில் நகரி போகும் பக்கம் பத்து கிலோமீட்டர் ஓட்டினாள். எண்பதில் போகும்போதும் ஸ்டியரிங் கையில் கனமாக, நிதானமாக இருந்தது. பெரிய லாரி ஒன்று எதிரே கடந்தபோது காற்று அடித்ததே தவிர வண்டி அசையவில்லை. கடைத்தெருவுக்கு வந்து திருப்பும்போதுதான் சங்கடம். பின்கண்ணாடி சின்னதாக இருந்தது. மூன்று தடவை முன்னும் பின்னும் போய், பூக்கடைக்காரி கூடையை நகர்த்தி வைத்த பிறகுதான் திரும்ப முடிந்தது.

“ஒரு வாரத்துல பழகிடும்,” என்றார் எல்லப்பன்.

பின்சீட்டிலிருந்து தேசப்பன், “வண்டி நல்லாத்தான் இருக்குது. உக்காந்தாதான் கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி கீது,” என்றார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பெரியவர்களும் கொஞ்ச நேரம் தூங்கினார்கள். வெயில் இறங்கியதும் வேகன்ஆரை எடுத்தார்கள். இப்போது தேசப்பன் முன்னால், எல்லப்பன் பின்னால்.

நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தாள் யுவஸ்ரீ. நாலு பக்கமும் கண்ணாடி. தெருவே காருக்குள் வந்துவிட்டது போல இருந்தது. கிளட்சைக் கட்டை விரலாலேயே அமுக்கலாம் போலிருந்தது. கடைத்தெருவில் அதே இடத்தில் அதே பூக்கடைக்கு எதிரே ஒரே வீச்சில் திருப்பிவிட்டாள். தேசப்பன் பின்னால் இருந்த சம்மந்தியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

மலையில் கதை வேறு. இரண்டாம் கியரிலும் எஞ்சின் கத்தியது. பாதியில் ஏசியை அணைக்க வேண்டியிருந்தது. திருப்பத்தில் உடம்பு வெளிப்பக்கம் சாய, எல்லப்பன் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கை ஸ்விஃப்டில் மிதித்ததைவிட முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருந்தது. மொத்தத்தில் ஓட்டத்திலும் பிடிமானத்திலும் ஸ்விஃப்ட்தான் ஒரு படி மேல் என்பதில் அவளுக்குச் சந்தேகம் எழவில்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு இறங்கினாள்.

“ஆர்.கே.பேட்டை ரோடு கொஞ்ச தூரம் போ. குண்டு குழியில எப்படி போவுதுன்னு பாக்கலாம்,” என்றார் தேசப்பன்.

நாலு கிலோமீட்டர் போயிருப்பார்கள். போன் அடித்தது. அரக்கோணத்துப் பேஷண்ட் வீட்டில், தோள் வலி அதிகமாகிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டார்கள். வண்டியை ஓரம் கட்டினாள். பேச்சு நீளும் போலிருந்தது.

“நீ இப்டி வா. நான் ஓட்டுறேன், நீ பேசு,” என்று தேசப்பன் இறங்கி ஓட்டுநர் சீட்டுக்கு வந்தார்.

அந்தப் பேச்சு முடிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவள், அப்பா தலையை வலது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு ஓட்டுவதைக் கவனித்தாள். கழுத்து வலியா என்று கேட்க வாயெடுத்தாள். வேகத்தடை ஒன்றை அவர் அப்படியே ஏறித் தாண்டினார். எல்லப்பன் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், “ம்” என்று முனகி மறுபடி சாய்ந்துகொண்டார்.

“பெயிண்ட்டே அடிக்க மாட்டேன்றானுங்க,” என்றார் தேசப்பன்.

பெயிண்ட் இருந்தது. அவள் பார்த்தாள்.

மேற்கே இறங்கிய சூரியன் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. எதிரே, ரோட்டோரமாக, பசும்புல் கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். அவளுக்கு நூறு அடிக்கு முன்னாலேயே தெரிந்தார். கார் அவரை நோக்கியே போயிற்று. அப்பா விலகுவார் என்று காத்திருந்தாள். அவர் விலகவில்லை.

“நைனா.”

அவள் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலிலேயே அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். புல்கட்டின் நுனி பக்கக் கண்ணாடியில் உரசிப் பச்சையாகக் கோடு போட்டது. சைக்கிள்காரர் நின்று திரும்பிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

“பாத்துட்டேம்மா,” என்றார் தேசப்பன்.

யுவஸ்ரீ, “இன்னொரு தபா நானே ஓட்டிப் பாக்கறேன் நைனா, மேடு பள்ளத்துல,” என்று சொல்லி அடுத்த மர நிழலில் இடம் மாறிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே கோபமாக இருந்தது. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், பேஷண்ட் எந்தக் காலில் பாரம் போடுகிறார், கழுத்தை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுகிறவள். பெற்றவர் எவ்வளவு காலமாகத் தலையைச் சாய்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தீபாவளிக்குக்கூட அவர்தான் அம்மாவை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

வீடு வந்து சேர்வதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். அப்பாவின் காரைத் தானே எடுத்துக்கொண்டால் அவருக்கு ஓட்ட வண்டி இருக்காது. இப்போதைக்கு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். கண் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிப் பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “எனக்கு வேகன்ஆரே கைக்கு வாகா இருக்குது,” என்றாள்.

எல்லப்பன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். காலையில் மலை ஏறும்போது அவள் முகம் மலர்ந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். “உனக்கு எது பழகுதோ அதாம்மா முக்கியம்,” என்றார். அவ்வளவுதான். ஆனால் டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். அப்பா பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நினைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. பொறுத்துக்கொண்டாள்.

தேசப்பனுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சம்மந்தி பக்கம் திரும்பினார்.

“சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. என் வண்டி இவளுக்குப் போயிடுச்சின்னா ஊர்ல எனக்கு ஒரு வண்டி வேணும். உங்களுது சும்மாத்தானே நிக்குது? அத எனக்குக் குடுத்துடுங்க.”

எல்லப்பன் முகம் தெளிந்தது. “ஆங், தாராளமா எடுத்துக்குங்க. வெளியாளுக்கா குடுக்கறேன்?” என்று சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து அவர் கையிலேயே வைத்துவிட்டார். “ஆர்.சி. புக்கு வண்டியிலதான் கீது, எடுத்தாறேன் இருங்க,” என்று அதன் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

யுவஸ்ரீ நின்ற இடத்திலேயே நின்றாள். வேகன்ஆரில் நாலு பக்கமும் பார்க்க முடிகிறபோதே சைக்கிள்காரரைக் காணாதவர், இனி அந்தத் தாழ்ந்த சீட்டில், சின்னக் கண்ணாடிகளோடு, மிதித்தால் சீறுகிற வண்டியில் போவார். நல்லது செய்வதாக நினைத்து அவள்தான் வழி செய்து கொடுத்திருக்கிறாள்.

“நைனா,” என்றாள். “வலது கண்ணக் கையால மூடிக்கோ. அந்தக் காலண்டர்ல தேதி இன்னான்னு சொல்லு.”

சுவரில் மாட்டியிருந்த தினக் காலண்டர் பத்தடி தூரம்கூட இல்லை. தேதி உள்ளங்கை அகலம் இருக்கும்.

“பத்தொம்போது. அதுகூடவா தெரியாது?”

“அது உனக்குக் காத்தாலயே தெரியும். கீழ இன்னா போட்டிருக்குது?”

தேசப்பன் வலது கண்ணை மூடியபடி நின்றார். தலை தானாக வலப்பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தார்.

“மாங்கா சீசன்லேர்ந்தே அப்படித்தாம்மா கீது,” என்றார். “எண்ணெத்துணி வழியா பாக்கற மாதிரி. இந்தக் கண்ணும் இப்ப கொஞ்சம் மங்கலு. உங்கம்மாகிட்ட சொல்லிடாத. சொன்னா அவ வண்டியில உக்கார மாட்டா.”

“ஏன் நைனா எங்கிட்டகூட சொல்லல?”

“சொன்னா ஓட்டாதன்னுவீங்க. நான் எங்க போறேன்? கொல்லைக்கு, மண்டிக்கு, உன் வீட்டுக்கு. ரோடு எனக்கு மனப்பாடம்.”

“ரோட்ல வர்ற ஆளும் மனப்பாடமா?”

தேசப்பன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அதை டீப்பாயின் மேல் சத்தமில்லாமல் வைத்தார். அவரை அப்படிப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்புரையாகத்தான் இருக்கும், அரை மணி நேர ஆபரேஷன், தன் பேஷண்டுகளில் பாதிப்பேர் செய்துகொண்டவர்கள் என்று சொன்னாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. “சம்மந்திக்குத் தெரிய வேணாம்,” என்று மட்டும் சொன்னார்.

எல்லப்பன் ஆர்.சி. புத்தகத்தோடு உள்ளே வந்தார். டீப்பாய் மேல் கிடந்த சாவியைப் பார்த்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தும் கேட்காமல் நின்றார். யுவஸ்ரீ என்ன சொல்வதென்று தடுமாறும்போது தேசப்பனே வாயைத் திறந்தார்.

“வண்டி ரெண்டு மூணு மாசம் உங்ககிட்டயே இருக்கட்டும் சம்மந்தி. கண்ணு ஒண்ணு சரியில்ல. ஆபரேஷன் பண்ணணும்ன்றா இவ.”

எல்லப்பன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்.சி. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு நாப்பத்தெட்டு வயசு அப்போ,” என்றார். “எஞ்சின் ஓட்டிகினு இருந்தேன். கண்ணு டெஸ்ட்டுல ஒரு வரி படிக்க முடியல. எறக்கி ஷெட்டுல போட்டுட்டாங்க. ஆறு மாசம் வீட்ல யார்கிட்டயும் பேசல நான். சோறு போட்டா சாப்புடுவேன், அவ்ளோதான். பரிதிக்கு அப்ப பதிமூணு வயசு. அவனைக் கேட்டுப் பாருங்க.”

தேசப்பன் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க சொன்னதே இல்லியே.”

“சொல்ற விஷயமா அது? உங்களுதாவது ஆபரேஷன்ல சரியாப் போற கண்ணு. காலா காலத்துல பண்ணிடுங்க.”

பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். “அதனாலதான் வேகன்ஆர்னு சொன்னியா?”

“ஆமா மாமா. நைனா ஓட்டக் கூடாதுன்னுதான். வண்டின்னு பாத்தா உங்களுதுதான் நல்லா இருந்துச்சு. மலையிலயும் பைபாஸ்லயும் பக்கத்துல வர முடியாது.”

“அத மொதல்ல சொல்றதுக்கென்ன,” என்று எல்லப்பன் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்து முடித்தார்.

“அப்ப என் வண்டி நல்லா இல்லியா?” என்றார் தேசப்பன். கண்ணைப் பற்றிப் பேசியபோது வராத கோபம் இப்போது அவருக்கு வந்தது.

அன்று ஸ்விஃப்ட், யுவஸ்ரீயின் வேலைக்கென்று, திருத்தணியிலேயே நின்றது. எல்லப்பன் ரயிலில் அரக்கோணம் போனார். வேகன்ஆரில் யுவஸ்ரீ அப்பாவை ஊரில் கொண்டுபோய் விட்டு, சாவியை அம்மா அன்னம்மாள் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் திரும்பினாள். தையில் இடது கண், மாசியில் வலது கண். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேசப்பன் வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில், வாரம் ஒரு முறை எல்லப்பன் டவுன் பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் பெரும்பாலும் கார்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், ஒத்துப்போனதே இல்லை என்றும் அன்னம்மாள் போனில் சொன்னாள்.

ஸ்விஃப்டில் யுவஸ்ரீ நாலைந்து மாதம் வேலைக்குப் போனாள். அரக்கோணம் ரோட்டில் லாரிகளைத் தாண்டும்போதெல்லாம் அதைக் கொண்டாடினாள். மணவூர் சந்துகளில் பின்னால் எடுக்கும்போதெல்லாம் நொந்துகொண்டாள். அங்கேதான் கௌரியம்மாள் இருந்தாள். எழுபது தாண்டியவள். மார்கழியில் விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, யுவஸ்ரீயிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் எக்ஸ்ரே எடுக்க அவளைத் திருவள்ளூர் அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஸ்விஃப்டின் சீட்டுக்கு அவளை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பி வந்து அந்தப் பள்ளத்திலிருந்து அவளைத் தூக்க யுவஸ்ரீயும் கௌரியம்மாளின் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர வேண்டியிருந்தது. கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

அன்று சாயங்காலம் யுவஸ்ரீ அப்பாவை அழைத்தாள்.

“நைனா, வேகன்ஆரு எனக்கு வேணும். நெஜமாத்தான் கேக்கறேன். என் ஆளுங்க ஏறி எறங்க அதான் சரி.”

தேசப்பன், “உங்க மாமனாருகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா சிரிச்சிகினே சொல்றேன்னுவாரு,” என்றார்.

சித்திரையில் கண் டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள் வண்டிகளை மாற்றிக்கொண்டார்கள். ஆர்.கே.பேட்டை ரோட்டில் யுவஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தேசப்பன் தலை நேராக இருந்தது. எதிரே வந்த பஸ்ஸின் போர்டைத் தானாகவே படித்தார். ஒரு மேட்டில் கியரை இறக்காமல் ஸ்விஃப்டை நடுங்கவிட்டு, பின்சீட்டிலிருந்த எல்லப்பனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நகரியில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு அதில்தான் போனார்கள்.

திங்கட்கிழமை கௌரியம்மாளுக்கு மறுபடி எக்ஸ்ரே. யுவஸ்ரீ வேகன்ஆரைச் சந்துக்குள்ளேயே கொண்டுபோய் வாசலை ஒட்டி நிறுத்தினாள். கிழவி வாக்கரோடு வந்து, காரின் கதவருகே பயத்தோடு நின்றாள். யுவஸ்ரீ அவளைத் திருப்பி நிறுத்தி, பின்னால் உட்காரச் சொன்னாள். கௌரியம்மாள் மெல்லச் சாய்ந்தாள். சீட்டு அவள் இடுப்பளவுக்கே இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

“கதவ சாத்தும்மா, போலாம்,” என்றாள்.